காலேஜ் ஃபுட்பால் 25: பெஞ்சில் காத்திருக்கும் பையன்களுக்கான கேம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம் காற்பந்து இல்லை, அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் வீடியோ கேம். இரவு சாப்பிட்டுவிட்டு தம்பியோடு அவசரமாக இரண்டு ஆட்டம் போடலாம் என்று நினைப்பவர்கள் ஈஏ எஃப்சி காற்பந்து கேமையே வைத்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்கு வேண்டாம். ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சாயங்காலமானால் திடல் ஓரத்தில் நின்றுகொண்டு "அவன ஏன்டா வெளிய எடுத்தீங்க, அந்தச் சின்னப் பையன இறக்குங்கடா" என்று கத்துகிற ஆட்களில் நீங்களும் ஒருவர் என்றால், உங்களுக்காகவே செய்த கேம் இது. பந்தை எறிவதும் ஓடுவதும் இதில் பாதிதான். யாரைச் சேர்ப்பது, யாரைக் காத்திருக்க வைப்பது, காத்திருப்பவன் ஓடிப்போகாமல் எப்படிப் பிடித்து வைப்பது, இதெல்லாம்தான் மீதிப் பாதி. எனக்கு அந்த மீதிப் பாதிதான் பிடித்தது.

ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25, 2024 ஜூலை 19 அன்று வந்தது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டில் மட்டும்தான் ஓடும். கணினியில் ஆடுபவர்களும் இன்னும் பிஎஸ்4 வைத்திருப்பவர்களும் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் விலை 69.99 டாலர், வெளிவந்த நேரத்து மாற்று விகிதத்தில் 300 வெள்ளிக்கு மேல். நான் அந்த விலை கொடுக்கவில்லை. ஒஹாயோவில் படிக்கும் என் அத்தை மகன் தீபாவளிக்கு வந்தபோது ஆடி முடித்த டிஸ்க்கைக் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டான், அவன் அடுத்ததுக்குப் போய்விட்டானாம். பிஎஸ்5 டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, இங்கே போட்டதும் ஓடியது.

இந்த விளையாட்டே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்வார்களே, அதுதான். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும், இல்லாவிட்டால் எதிரணிக்கு. களத்தில் 11 பேர், ஆனால் தாக்குவதற்கு ஒரு 11, தடுப்பதற்கு வேறொரு 11, உதைப்பதற்கென்று தனி ஆட்கள். நம் காற்பந்தில் ஒரு ஆட்டத்துக்கு ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்றால் அங்கே மாற்றுக்குக் கணக்கே கிடையாது. அதனால்தான் பல்கலைக்கழக அணி ஒன்றில் 85 பேர் வரை முழு உபகாரச் சம்பளத்தில் இருந்தார்கள் (2025இலிருந்து அந்த விதி போய், அணியில் 105 பேர் வரை என்று மாறியிருக்கிறது). கேமிலும் உங்கள் வரம்பு 85தான். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள், இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று அடுக்கிவைத்த பட்டியலுக்கு டெப்த் சார்ட் என்று பெயர், நீங்கள் இந்த கேமில் அதிக நேரம் முறைத்துப் பார்க்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அத்தை மகன் சொன்ன கதை ஒன்று இருக்கிறது, தேடிப் பார்த்தேன், உண்மைதான். 2014இல் ஒஹாயோ ஸ்டேட் அணியின் முதல் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்கும் முன்பே தோளில் அடிபட்டு வெளியே போனார். அடுத்து வந்த ஜே.டி. பாரெட் அணியைப் பருவம் முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்து மிச்சிகனோடு ஆடும்போது கணுக்காலை உடைத்துக்கொண்டார். மூன்றாவதாக நின்ற கார்டேல் ஜோன்ஸ் தான் முதன்முதலாகத் தொடங்கிய ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று துவைத்தார். அப்புறம் அலபாமாவை 42-35. அப்புறம் 2015 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில் ஓரிகனை 42-20. மூன்றாவது பையனை வைத்துக்கொண்டு தேசியச் சாம்பியன். அலபாமாவும் சும்மா இல்லை: 2018 ஜனவரி இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்தபோது இடைவேளையில் முதல் குவாட்டர்பேக்கை உட்கார வைத்துவிட்டு முதலாமாண்டுப் பையன் துவா டாகோவைலோவாவை இறக்கினார்கள், கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த 41 யார்டு பந்தைப் பிடித்து முடித்த டெவான்டா ஸ்மித்தும் முதலாமாண்டுதான், 26-23. இதைப் படித்த பிறகுதான் கேமில் டெப்த் சார்ட்டின் கீழ் வரிகளையும் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

டைனஸ்டி என்கிற பகுதிதான் இந்த கேமின் உயிர். பயிற்றுநராக ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்து 30 பருவம் வரை நடத்தலாம். மொத்தம் 134 அணிகள் இருக்கின்றன. ஒஹாயோ ஸ்டேட்டை எடுத்தால் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி இருக்கும், இரண்டு பருவத்தில் சலித்துவிடும். நான் எடுத்தது அதே மாநிலத்தில் உள்ள கென்ட் ஸ்டேட். தர வரிசையில் கடைசிப் பக்கத்தில் தேட வேண்டிய அணி, நிஜத்திலும் 2024 பருவத்தில் ஆடிய 12 ஆட்டத்திலும் தோற்றவர்கள். பலவீனமான அணியை எடுங்கள் என்பதுதான் என் முதல் சிபாரிசு. அங்கேதான் கேம் தன் வேலையைக் காட்டும்.

ஆள் சேர்ப்பது இப்படி. இடைநிலைப்பள்ளிப் பையன்களை ஒரு நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்து நாடு முழுக்கப் பட்டியல் கொடுப்பார்கள், அதில் 35 பேரை உங்கள் பலகையில் ஏற்றிக்கொள்ளலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு. பெரிய பல்கலைக்கழகத்துக்கு அதிகம், கென்ட் ஸ்டேட் போன்றவர்களுக்குக் குறைச்சல். உபகாரச் சம்பளம் தருவதாகச் சொல்ல 5 மணி, குடும்பத்தோடும் நண்பர்களோடும் பேச 25, கையிலுள்ள எல்லாவற்றையும் இறக்கி முழுமூச்சாகத் துரத்த 50. பக்கத்து மாநிலப் பையன் கொஞ்சம் சுலபமாக மசிவான், ஃபுளோரிடா பையன் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஐந்து நட்சத்திரம் ஒருவனைத் துரத்தி எல்லா மணியையும் கொட்டிக் கடைசி வாரத்தில் அவன் பெரிய இடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான், மீதிப் பேரையும் விட்டிருப்பீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்கவுட் செய்வது. ஒரு பையன்மேல் மணி நேரம் செலவழித்துப் பார்க்கப் பார்க்க அவனுடைய உண்மையான திறமை எண்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சில பேருக்குப் பச்சைக் கல் விழும், அதாவது நட்சத்திரத்தைவிட ஆள் நல்லவன். சில பேருக்குச் சிவப்பு விழும், வெளியில் பேச்சுதான் அதிகம், உள்ளே சரக்கில்லை. இரண்டு நட்சத்திரம் போட்டு ஒருத்தரும் சீண்டாத பையனுக்குப் பச்சை விழும்போது வருகிற சந்தோஷம் ஐந்து நட்சத்திரத்தைப் பிடிப்பதில் கிடையாது. இதை விளையாடிவிட்டுத் திடல் பக்கம் போனால் கண் வேறு மாதிரி பார்க்கிறது. ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஓடுகிற பையனை யாராவது இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கவனித்திருக்கிறார்களா என்று தோன்றும். இது கேமுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, விடுங்கள்.

சேர்த்த பையனை உடனே இறக்க வேண்டியதில்லை. ரெட்ஷர்ட் என்று ஒரு வழி இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது இந்த கேம் வந்த நேரத்தில் அங்கே விதி, முதல் வருஷம் ஒதுக்கி வைத்துப் பயிற்சி மட்டும் கொடுத்தால் அந்த நான்கும் அப்படியே மிச்சம் இருக்கும். 2018இலிருந்து நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த வருஷம் கணக்கில் வராது, கேமிலும் அப்படியேதான். செம்பனைக் கன்றை நாற்றங்காலில் ஒரு வருஷம் வைத்துத்தானே தோட்டத்தில் நடுகிறார்கள், அதே சங்கதி. குறிப்பாகத் தாக்குதல் வரிசையில் முன்னால் நின்று முட்டிக்கொள்ளும் லைன்மேன் பையன்களுக்கு இது ரொம்ப அவசியம், முதல் வருஷத்தில் அவர்களை இறக்கினால் உங்கள் குவாட்டர்பேக் பாதி நேரம் புல்லில்தான் கிடப்பார். வளர்ச்சியும் எல்லாருக்கும் ஒரே வேகம் கிடையாது. நார்மல், இம்பாக்ட், ஸ்டார், எலைட் என்று நான்கு தினுசு வைத்திருக்கிறார்கள். எலைட் பையன் ஒரே விடுமுறையில் ஆளே மாறி வருவான், நார்மல் பையன் மெதுவாக ஏறி நான்காவது வருஷம்தான் கைகொடுப்பான். இருவரும் வேண்டும். எலைட் பையன்கள் சீக்கிரமே என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்குக்குப் போய்விடுவார்கள், நார்மல் பையன்கள்தான் இருந்து பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஒவ்வொரு பையனுக்கும் விட்டுக்கொடுக்க முடியாத காரணம் என்று ஒன்று இருக்கும். ஒருத்தனுக்கு ஆட நேரம் கிடைக்க வேண்டும். ஒருத்தனுக்குப் படிப்பில் பெயர் பெற்ற பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். இன்னொருத்தனுக்கு வீட்டுக்குப் பக்கம், இன்னொருத்தனுக்குக் கிண்ணம் வெல்லும் அணி. இப்படி 14 விஷயத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் இருக்கிறது, அவனுடைய விஷயத்தில் நீங்கள் கீழே இறங்கினால் பருவம் முடிந்ததும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்களின் பட்டியலில், பெயரைக் கொடுத்துவிடுவான். இதில் மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா, ஒரே இடத்துக்கு நல்ல பையன்கள் நான்கு பேரைச் சேர்த்து வைத்தால் அணிக்கு ஆழம் கிடைக்கும், ஆனால் அந்த இடத்தில் ஆட நேரத்துக்கான மதிப்பெண் விழும். புதுப் பையன் வரத் தயங்குவான், இருக்கிற மூன்றாவது பையன் மூட்டை கட்டுவான். சேர்க்காமல் விட்டால் முதல் ஆள் அடிபட்ட அன்றைக்கு ஆள் இருக்காது. இந்த இழுபறியை இவ்வளவு சரியாகச் செய்த விளையாட்டு கேமை நான் பார்த்ததில்லை. காற்பந்து மேனேஜர் கேம்களில்கூடக் காசு இருந்தால் இதைச் சமாளித்துவிடலாம், இங்கே காசு கொடுத்து எதையும் தீர்க்க முடியாது.

என் கென்ட் ஸ்டேட்டில் இரண்டு நட்சத்திரப் பச்சைக் கல் பையன் ஒருத்தன் இருந்தான், ஒரு வருஷம் ரெட்ஷர்ட், அடுத்த வருஷம் பாதி ஆட்டம், அதற்கடுத்த வருஷம் எங்கள் கான்ஃபரன்ஸ் என்கிற லீக் பிரிவிலேயே சிறந்த ரிசீவர், எறிந்த பந்தைப் பிடிக்கிறவன். அவனுடைய காரணம் கிண்ணம் வெல்லும் அணி. நாங்கள் ஏழு ஆட்டம் ஜெயித்ததே பெரிய விஷயமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவன் போய்விட்டான். நிஜ அணி நடத்துகிறவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். எங்கள் பட்டணத்து அணியில் எஸ்.பி.எம் முடிந்த கையோடு பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், மிச்சம் இருப்பவர்களில் கோலுக்கு நிற்க இரண்டாவது ஆள் என்று ஒருத்தனைத் தேடினால் கிடைப்பதில்லை. உட்கார்ந்து காத்திருக்க யாருக்கும் மனசில்லை, காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லவும் ஆளில்லை. அங்கே காத்திருக்கிறவனுக்கு உபகாரச் சம்பளமாவது இருக்கிறது.

களத்தில் ஆடுவது எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது. வெயர் அண்ட் டேர் என்று ஒரு ஏற்பாடு, ஒரு ஆட்டக்காரனுக்கு எந்த இடத்தில் எத்தனை அடி விழுந்தது என்று கணக்கு வைத்து அவனுடைய வேகத்தையும் பலத்தையும் குறைத்துக்கொண்டே வரும், அதனால் ஒரே ஆளிடம் பந்தைக் கொடுத்துக் கொடுத்து ஓட வைக்க முடியாது, இரண்டாவது ஆளை இறக்கித்தான் ஆக வேண்டும். டெப்த் சார்ட் இங்கேயும் வந்து நிற்கிறது. வெளியூர் ஆட்டத்தில் கூட்டம் சத்தம் போட்டால் திரை அதிரும், நீங்கள் போட்ட திட்டத்தின் கோடுகள் நெளிய ஆரம்பித்து யார் எங்கே ஓட வேண்டும் என்றே தெரியாது. அனுபவமில்லாத பையன்கள் அணியில் அதிகமாக இருந்தால் அந்த மாதிரி இடத்தில் கை நடுங்கும். எதிரணிக்குக் கடினமான மைதானங்கள் என்று ஈஏ போட்ட வரிசையில் முதல் இடம் டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டு. மிச்சிகன் மைதானத்தில் 1 லட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல் உட்காரலாம், நம் புக்கிட் ஜாலிலைவிடப் பெரிது, அதுவும் மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு! நம் ஊரில் யுஐடிஎம் பல்கலைக்கழக அணி 2020இலும் 2021இலும் சூப்பர் லீக்கில் ஆடியது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது சொல்லுங்கள்.

குறைகள் உண்டு. சேர்க்கிற பையன்களுக்கு முகம் இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, ஆனால் மனுஷன் இல்லை. அம்மா பேசுவதில்லை, பள்ளிப் பயிற்றுநர் பேசுவதில்லை, பையன் போர்ட்டலுக்குப் போகும்போது ஒரு வரி காரணத்தோடு சரி. இவ்வளவு நல்ல அமைப்பைச் செய்தவர்கள் நாலு வசனம் எழுதியிருக்கலாம். எதிரணிப் பயிற்றுநர்கள் எல்லாரும் கற்பனை ஆட்கள், நிஜப் பயிற்றுநர்கள் 26இல்தான் வந்தார்கள். ஆள் சேர்க்கும் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் அதே பொத்தான்களை அதே வரிசையில் அழுத்த வேண்டியிருக்கிறது, பத்தாவது வாரத்தில் கை தானாகப் போகும், மூளை தூங்கும். நிஜத்தில் பையன்கள் இடம் மாறுவதில் காசுதான் பெரிய பேச்சு, கேமில் அது கண்ணிலேயே படாது.

அந்தக் காசு விஷயம் இந்த கேமின் பிறப்பிலேயே இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இதற்கு முந்தைய கேம் என்சிஏஏ ஃபுட்பால் 14, 2013 ஜூலையில் வந்தது. பதினொரு வருஷ இடைவெளி. மாணவர்களின் உருவத்தையும் சட்டை எண்ணையும் வைத்துக் காசு பண்ணிவிட்டு அவர்களுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று வழக்குகள் போயின. அதில் பெரிய பெயர் யுசிஎல்ஏவின் பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர் எட் ஓபானன், 2009இல் போட்ட வழக்கு. கேம் நின்றுபோனது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்த பிறகுதான் இது திரும்பி வந்தது. ஒப்புக்கொண்ட ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 600 டாலரும் ஒரு கேமும். நட்சத்திர ஆட்டக்காரனுக்கும் களத்தில் கால் வைக்காத மூன்றாவது பையனுக்கும் அதே 600. நட்சத்திரங்களுக்கு இது அநியாயம் என்று அப்போது பேசினார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது, இந்த கேமில் கடைசி வரியில் இருக்கும் பெயர்கள் இல்லாவிட்டால் டைனஸ்டியே கிடையாது.

மற்ற பகுதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோட் டு குளோரியில் ஒரே ஆட்டக்காரனாக ஆடலாம், வாரா வாரம் படிப்புக்கு எவ்வளவு நேரம், பயிற்சிக்கு எவ்வளவு நேரம் என்று பிரிக்க வேண்டும். டெப்த் சார்ட்டில் கீழேயிருந்து ஏறுவது ஒரு தடவை ஆடப் பிடிக்கும். அல்டிமேட் டீம் பக்கம் போகாதீர்கள், காசு போட்டு ஆட்டக்காரர் அட்டை வாங்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். டீம் பில்டர் மட்டும் குழந்தைத்தனமான சந்தோஷம், இணையத்தில் உங்கள் சொந்த அணிக்குச் சட்டையும் சின்னமும் செய்து ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பதிலாக டைனஸ்டிக்குள் இறக்கலாம். நான் எங்கள் பட்டணத்துப் பெயரைப் போட்டு, பழுத்த செம்பனைக் குலை நிறத்தில் சட்டை தைத்து அலபாமாவோடு மோதவிட்டேன். முடிவைக் கேட்காதீர்கள்.

25ஆ 26ஆ என்று கேட்பவர்களுக்கு: 26 2025 ஜூலை 10 அன்று வந்தது, கேமின் அட்டைப்படத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜெரமையா ஸ்மித்தும் அலபாமாவின் ரயன் வில்லியம்ஸும். இந்த ரயன் வில்லியம்ஸ்தான் 2024 செப்டம்பரில் 17 வயதில் ஜார்ஜியாவுக்கு எதிராகப் பந்தைப் பிடித்து ஓடி 75 யார்டில் முடித்து ஆட்டத்தைத் திருப்பியவர், அந்த ஒரு காட்சியை மட்டும் யூடியூபில் பார்த்துவிட்டு வாருங்கள். புது விலை கொடுத்து வாங்குவதென்றால் 26 வாங்குங்கள். யாராவது பழைய 25 டிஸ்க்கைச் சல்லிசாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம், டைனஸ்டியின் எலும்பு இரண்டிலும் ஒன்றுதான். விதிகளே தெரியாதவர்கள் முதல் பருவத்தில் தாக்குதலை மட்டும் ஆடுங்கள், தடுப்பைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுங்கள், ஆள் சேர்ப்பதில் குவாட்டர்பேக்கைத் துரத்தாமல் லைன்மேன்களை முதலில் பிடியுங்கள்.

ஆன்லைன் டைனஸ்டியில் 32 பேர் வரை சேரலாம். நானும் ஈப்போவிலிருந்து இரண்டு நண்பர்களும் 25இல் ஒன்று நடத்திக்கொண்டிருக்கிறோம். பிஎஸ்5 மட்டும்தான், எக்ஸ்பாக்ஸ் ஆட்கள் இதில் சேர முடியாது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் உங்கள் வார ஆட்டத்தை முடித்துவிட வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. ஒஹாயோ ஸ்டேட்டை எடுக்க ஆள் வந்தாயிற்று. கென்ட் ஸ்டேட் என்னுடையது.